அரைப்படிச் சோறும் ஆறு தட்டும்

உப்பளத்துக்குப் போகிற மண்சாலையில், கடைசி வீட்டையும் தாண்டி ஒரு தகரக் கொட்டகை. அதில் ஒரு சாமியார் இருந்தார். சாமியார் என்றதும் தாடி, சடைமுடி என்று எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். முப்பத்தைந்து வயது இருந்தால் அதிகம். முன்பு லாரியில் உப்பு மூட்டை ஏற்றிய ஆள். ஒருநாள் முதுகிலிருந்த மூட்டையை இறக்கி வைத்துவிட்டு வந்து அந்தக் கொட்டகையில் உட்கார்ந்தார். அப்புறம் மூட்டையைத் தேடிப் போகவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம், "கால் வலிச்சுது" என்றார்.

கொட்டகைச் சாமி என்று ஊர் பெயர் வைத்தது.

அவர் யாரையும் சீடர் என்று சேர்த்துக்கொண்டதில்லை. தங்கக்கனிதான் தன்னைத்தானே சேர்த்துக்கொண்டாள். சாமியைவிட ஐந்தாறு வயது மூத்தவள். உப்பளத்தில் உப்பு வாரிப் போட்டுக் கை காய்த்தவள். வெள்ளிக்கிழமை தவறாமல் வந்து கொட்டகையைப் பெருக்குவாள், தண்ணீர் எடுத்து வைப்பாள், ஓரமாக உட்காருவாள். சாமி ஏதாவது சொன்னால் கேட்டுக்கொள்வாள். சொல்லாவிட்டால் அதையும் கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவாள்.

சாமி பதில் சொல்கிற விதமே தனி. மனசு ஒரு நிலையில் நிற்கவில்லை என்று ஒருவர் வந்து புலம்பினார். அவர் கையில் ஒரு குடத்தைக் கொடுத்து, நிறைகுடமாகத் தளும்பாமல் கொண்டு வரச் சொன்னார் சாமி. போனவர் திரும்பவில்லை. குடமும் திரும்பவில்லை. சாமிக்கு அதில் ஒரு வருத்தமும் கிடையாது. நல்ல குடம் போச்சே என்று தங்கக்கனிக்குத்தான் ரெண்டு நாள் ஆற்றாமை.

ஐப்பசி பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. மழை வந்தால் உப்பளத்துக்குப் பூட்டுதான். உப்புப் பாத்தியெல்லாம் குளமாகிவிடும். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் வேலை போகும். தை வரைக்கும் எப்படியாவது ஓட்ட வேண்டும். அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் இதே கதைதான். ரேஷன் அரிசி மாசத்தில் பாதியைத் தாண்டாது. மீதிப் பாதியில் சண்டை வரும், அடகு வைப்பார்கள், பிள்ளைகள் அழும்.

தங்கக்கனி வீட்டில் மட்டும் சத்தம் வராது.

"தங்கம், நீ மட்டும் எப்படிளா சமாளிக்க?" என்று பெண்கள் வந்து கேட்பார்கள். அவளும் ஒளிக்காமல் சொல்லிக்கொடுப்பாள். குருணை வாங்கு, அரிசியோட கலந்து வடி. வடிகஞ்சியைக் கீழே கொட்டிராதே, குழம்புல ஊத்து, கெட்டியா இருக்கும். பருப்புக்குப் பதிலா முருங்கைக்கீரை போடு. வெங்காயம் ஒண்ணே ஒண்ணு இருந்தாலும் கடைசியில தாளிச்சுக் கொட்டு, வாசம் வந்தா புள்ளைகளுக்குப் பாதி வயிறு நெறஞ்சிரும். சோத்தை அள்ளிப் போடாதே, கிண்ணத்துல அமுக்கிக் கவுத்து வை, மலை மாதிரி நிக்கும்.

எல்லாம் சொல்லிக்கொடுத்தாள். ஒன்றைத் தவிர.

அவள் புருஷன் பலவேசம் நல்ல மனுஷன். குடி கிடையாது, சீட்டு கிடையாது. டீக்கடையில் நாலு பேர் மழையைத் திட்டும்போது, "நம்ம வீட்டுல அப்படி ஒண்ணும் தெரியல. அவ கையில அட்சய பாத்திரம் இருக்கு" என்பான். அது தங்கக்கனியின் காதுக்கு வந்து சேரும். கேட்டதும் அவளுக்கு உச்சி குளிர்ந்துபோகும். அந்தக் குளிர்ச்சியிலேயே இன்னும் ரெண்டு நாள் ஓட்டிவிடுவாள்.

கார்த்திகையில் ஒரு வியாழக்கிழமை, பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்தது. காலையில் பிரேயருக்கு வரிசையில் நின்றபோது வேணி மயங்கி விழுந்துவிட்டாள்.

வேணி மூத்தவள். எட்டாம் வகுப்பு. அவளுக்குக் கீழே மாரி, கொம்பையா என்று இரண்டு பையன்கள். தங்கக்கனி சேலைத் தலைப்பைக்கூடச் சரிபண்ணாமல் ஓடினாள். பெரியாஸ்பத்திரியில் டாக்டரம்மா வேணியின் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். நகத்தை அமுக்கிப் பார்த்தார். ரத்தமே இல்லை என்றார். நேரத்துக்குச் சாப்பிட வைக்க வேண்டும், இப்படியே விட்டால் படுக்கையில் சேர்த்து ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும் என்றார். சிவப்பு மாத்திரை கொடுத்து, சாப்பாட்டுக்குப் பிறகு போடச் சொன்னார்.

சாப்பாட்டுக்குப் பிறகு. அதுதானே சிக்கல். வேணி சாப்பிடவே மாட்டேன் என்கிறாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. தங்கக்கனி கொட்டகையைப் பெருக்கவில்லை. வந்தவள் அப்படியே சாமி முன்னால் உட்கார்ந்தாள்.

"சாமி, எம் மவளுக்குப் பசியே எடுக்க மாட்டேங்கு. ஏதாவது மந்திரிச்சு விடுங்க."

சாமி அடுப்பில் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்த்தார்.

"எத்தன நாளா?"

"ஒரு மாசமா. சோத்தக் கண்டாலே ஓடுதா. அங்க தின்னுட்டேன், இங்க தின்னுட்டேங்கா. பள்ளிக்கூடத்துல போடுத முட்டையக்கூட நோட்டுப் பேப்பர்ல சுத்திக் கொண்டாந்து சின்னவனுக்குக் குடுக்கா. நல்ல மனசுன்னு நானும் பெருமையா நெனச்சேன். இப்ப பாத்தா புள்ளைக்குத் திங்கவே பிடிக்கல. யாரு கண்ணு பட்டுச்சோ."

"வீட்டுல எத்தன பேருக்கு வடிக்கீங்க?"

"நாலு பேருக்குச் சாமி. அவுக, மூணு புள்ளைங்க."

சாமி கரண்டியை நிறுத்தினார்.

"நீங்க?"

தங்கக்கனி சிரித்துச் சமாளித்தாள்.

"ஆமா, நானும் இருக்கேன்லா. அஞ்சு."

சாமி ஒரு கும்பாவில் கஞ்சி ஊற்றி, உப்புக்கல் போட்டு அவள் பக்கம் நகர்த்தினார்.

"குடிங்க."

"இல்ல சாமி, பசியில்ல. இப்பதான் குடிச்சிட்டு வந்தேன்."

சொல்லிவிட்டுப் புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். சாமி அதைப் பார்த்தார். கும்பாவை எடுத்துக் கஞ்சியை மறுபடி பானையில் ஊற்றினார்.

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் உங்க வீட்டுக்குச் சாப்பிட வாரேன்" என்றார்.

தங்கக்கனிக்குத் திக்கென்றது. ஊரில் எத்தனையோ பெரிய வீடுகள் கூப்பிட்டும் சாமி யார் வீட்டுக்கும் சாப்பிடப் போனதில்லை. சந்தோஷப்படத்தான் வேண்டும். ஆனால் முதலில் வந்தது சந்தோஷம் இல்லை. கணக்குத்தான் வந்தது. இன்னொரு வாய்.

"எதுவும் இரவல் வாங்கக் கூடாது" என்றார் சாமி. "என்னைக்கும் வடிக்கிறதுதான் வடிக்கணும்."

"சரி சாமி."

"வேணிய இருக்கச் சொல்லுங்க."

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அவளுக்கு ஒரே யோசனை. என்றைக்கும் வடிப்பது அரைப்படி. அதை நாலாகத்தான் பிரிக்க முடியும். இதுநாள் வரை ஒரு ஆள் பங்கைக் குறைத்தே அந்த நாலும் நின்றது. குறைக்க இனி ஆள் இல்லை. சாமி என்றாலும் வயிறு வயிறுதானே.

சனிக்கிழமை எதிர்வீட்டு ரோஸ்லினிடம் ஒரு உழக்கு அரிசி கேட்கலாம் என்று வாசல்வரை போனாள். சாமியிடம் சரி என்று சொன்னது ஞாபகம் வந்தது. கோலம் போட வந்தவள் மாதிரி குனிந்து ஒரு குப்பையைப் பொறுக்கிக்கொண்டு திரும்பிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மழை விடவில்லை. சாமி தலையில் ஒரு உரச்சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு வந்து சேர்ந்தார். பலவேசம் வாசலுக்கு ஓடி, சாக்கை வாங்கி உதறி, துண்டு கொடுத்தான். அவனுக்குப் பெருமை தாங்கவில்லை.

"வாங்க சாமி, வாங்க. நம்ம வீட்டுல சாப்பாட்டுக்கு ஒரு குறையும் கிடையாது."

பாய் விரித்தாயிற்று. சாமி, பலவேசம், மாரி, கொம்பையா நாலு பேரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். வேணி சுவரோரம் சாய்ந்து நின்றாள். சோறு, முருங்கைக்கீரை, புளித்தண்ணி. சுட்ட கருவாடு நாலு துண்டு. தங்கக்கனி வெங்காயத்தைக் கடைசியில்தான் தாளித்தாள். வீடு முழுக்க வாசம் நிறைந்தது.

முதலில் சாமி தட்டில் கிண்ணத்தைக் கவிழ்த்தாள். அப்புறம் புருஷன் தட்டில். அப்புறம் பையன்கள்.

"வேணி, வா, உக்காரு."

"எனக்கு வேண்டாம்மா. ரோஸ்லின் அக்கா வீட்டுல தின்னுட்டேன். வயிறு நெறஞ்சிருக்கு."

சொல்லிவிட்டுப் புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"பாத்தீங்களா சாமி" என்றாள் தங்கக்கனி. "இதத்தான் சொன்னேன்."

சாமி, "நீங்களும் தட்டு எடுத்துட்டு வாங்க. சேந்து உக்காருவோம்" என்றார்.

"அய்யோ, நான் அப்புறம் சாப்பிடுதேன் சாமி. வடிக்கும்போதே கஞ்சியக் குடிச்சிட்டேன். வயிறு கும்முன்னு இருக்கு."

அவளும் வாயைத் துடைத்துக்கொண்டாள். அதே மாதிரி, புறங்கையால். அவளுக்கு அது தெரியாது. பழகின கை தானாகப் போயிற்று.

சாமி தன் தட்டைப் பார்த்தார். கழுவின கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"எனக்கும் வேண்டாம்" என்றார். "வரும்போது வழியில தின்னுட்டேன். வயிறு நெறஞ்சிருக்கு."

சொல்லிவிட்டுப் புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

பலவேசத்துக்கு ஒன்றும் புரியவில்லை. பிசைய ஆரம்பித்த கையைத் தட்டிலிருந்து எடுத்தான்.

"என்ன சாமி இது? நீங்க சாப்பிடாம நான் எப்படிச் சாப்பிடுவேன்? அப்ப எனக்கும் வேண்டாம்."

அப்பாவைப் பார்த்து மாரியும் கையை எடுத்தான். கொம்பையாவுக்கு ஆறு வயது. அவன் யாரையும் பார்க்காமல் கருவாட்டைக் கடித்துக்கொண்டிருந்தான். அக்கா ஒரு முறை முறைத்ததும் அவனும் நிறுத்திவிட்டான்.

நாலு தட்டில் சோறு ஆவி பறந்துகொண்டிருக்கிறது. ஒருத்தரும் தொடவில்லை. வெளியே மழை ஓட்டில் கொட்டுகிறது. தங்கக்கனி கரண்டியும் கையுமாக நின்றாள். அவளுக்கு முதலில் பயம் வந்தது, பிறகு கோபம் வந்தது.

"சாமி, சோத்த முன்னால வச்சிக்கிட்டு வெளையாடாதீங்க. நீங்க ஒண்ணும் தின்னுட்டு வரல."

"தின்னேனே."

"பொய் சொல்லாதீங்க."

"எப்படித் தெரியும்?"

"மூஞ்சியப் பாத்தாத் தெரியாதா?" தங்கக்கனியின் குரல் உயர்ந்துவிட்டது. "பதினஞ்சு வருசமா இந்த வீட்டுல சோறு போடுதேன். தின்ன மூஞ்சி எது, திங்காத மூஞ்சி எதுன்னு எனக்குத் தெரியாதா?"

சாமி வேணியைப் பார்த்தார்.

"ஒனக்குத் தெரியுமா?"

வேணி குனிந்து கால்கட்டை விரலால் தரையைக் கீறினாள். "தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"அம்மா திங்காதது."

பலவேசம் நிமிர்ந்தான். "என்னளா சொல்லுத?"

"பானை கழுவுறது நான்தானப்பா. அம்மா அப்புறம் சாப்பிடுதேன்னு சொல்லுவா. பானையில ஒரு பருக்கை இருக்காது. காய்ஞ்சு போயிருக்கும். ஒருநாள் பாத்தேன். பானையில தண்ணிய ஊத்தி அலசி, அதுல உப்பப் போட்டுக் குடிச்சா."

"ஏட்டி, வாய மூடு!" என்றாள் தங்கக்கனி.

"நான் திங்கலன்னா அம்மாவுக்கு மிஞ்சும்னு நெனச்சேன்." வேணிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "ஆனா மிஞ்சுறதையும் அம்மா ராத்திரி தம்பிகளுக்குப் போட்டுருதா. நான் எத்தன நாள் திங்காம இருந்தும் அவ ஒரு நாள்கூடத் திங்கலப்பா."

தங்கக்கனி அடுப்புத் திட்டைப் பிடித்துக்கொண்டாள். ஒரு மாசமாகப் பெண் சாப்பிடாததால் பானையில் கொஞ்சம் கூடுதலாக நின்றது. அதைப் பார்த்து, தன் கைராசி என்றே அவள் நினைத்திருந்தாள். பெற்ற பிள்ளையின் வயிற்றை வழித்துத்தான் அந்த ராசி வந்ததா?

பலவேசம் தட்டைத் தள்ளி வைத்தான். அவனுக்கு முகம் கறுத்துவிட்டது.

"ஏளா, நெசமா?"

அவள் அடுப்புப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஒங்கிட்டதான் கேக்கேன். நெசமா?"

"ஆமா. என்ன இப்போ?" வெடித்துவிட்டாள் தங்கக்கனி. "பத்தலன்னு சொன்னா நீங்க என்ன பண்ணுவீங்க? ஒங்களுக்கும் வேலை கிடையாது, எனக்கும் வேலை கிடையாது. ஒங்க மூஞ்சி வாடும். அதையும் சேத்து நான் பாக்கணுமா?"

"எங்க அண்ணன் ரெண்டு மூட்டை அரிசி தாரேன்னு சொல்லிவிட்டாரு" என்றான் பலவேசம்.

"எப்போ?"

"புரட்டாசில. கார் நெல் அறுப்பு முடிஞ்சதும். நம்ம பங்கு வயலுக்கு உள்ளது. மழைக்காலம் வருது, வந்து எடுத்துட்டுப் போடான்னாரு."

"எங்க அந்த அரிசி?"

பலவேசம் மென்று விழுங்கினான்.

"அண்ணன் மவ பிரசவத்துக்கு வந்திருக்கா. அங்கதான் ஆளு ஜாஸ்தி. நம்ம வீட்டுலதான் நல்லாப் பத்துதே, நீங்களே வச்சிக்கோங்கன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

தங்கக்கனி வாயில் கை வைத்தாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"நீ எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?"

இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். சண்டை போடுவதற்கும் தெம்பு இல்லை. பையன்கள் இரண்டு பேரும் அம்மாவையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அந்த வீட்டில் இப்படி ஒரு பேச்சை அவர்கள் கேட்டதில்லை.

சாமி தொண்டையைச் செருமினார்.

"இன்னும் ரெண்டு தட்டு இருக்கா?"

வேணி போய் எடுத்து வந்தாள். ஒன்று ஓரம் நெளிந்தது.

"பலவேசம், நீங்க எந்திரிங்க. கரண்டிய வாங்கிக்கிட்டு ஆறு பேருக்கும் போடுங்க. தாயி, நீங்க உக்காருங்க."

பலவேசம் கரண்டியைப் பிடித்த விதத்திலேயே தெரிந்தது, அதற்கு முன்னால் அதை அவன் பிடித்ததில்லை. தட்டில் இருந்த சோற்றையெல்லாம் திரும்பப் பானையில் கொட்டினான். முதலில் வேணிக்கு வைத்தான். பிள்ளை பசியாக இருக்கிறாளே என்று ரெண்டு கரண்டி நிறையவே வைத்தான். அடுத்து தங்கக்கனிக்கு. அவளுக்கும் நிறைய. அப்புறம் சாமி, மாரி. கொம்பையா தட்டுக்கு வந்தபோது கரண்டி பானையின் அடியில் தட்டியது.

அவன் பானைக்குள் எட்டிப் பார்த்தான். தட்டுகளைப் பார்த்தான். வேணி தட்டிலிருந்து கொஞ்சம் எடுத்துக் கொம்பையாவுக்குப் போட்டான். அது கொஞ்சமாகத் தெரிந்தது. சாமி தட்டிலிருந்து எடுக்கக் கூச்சப்பட்டான். சாமி தானே தட்டை நீட்டினார். தங்கக்கனி தட்டிலிருந்து எடுத்து மாரிக்குப் போட்டான். மாரியிடமிருந்து எடுத்து வேணிக்கு வைத்தான். கடைசியில் தன் தட்டு காலியாக இருப்பதைக் கண்டு, மறுபடி எல்லாரிடமும் ஒவ்வொரு பிடி வாங்கினான். கரண்டி பிடித்த கை வியர்த்துவிட்டது.

"இத எப்படிளா தெனமும் பண்ணுத?" என்றான்.

தங்கக்கனிக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது. கருவாட்டை அவன் ஆறாகப் பிய்க்கப் பார்த்தான். அது பொடியாக உதிர்ந்தது.

எல்லாரும் உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு தட்டிலும் ஒரு கை அகலத்துக்குச் சோறு. மலை மாதிரி நிற்கவில்லை. தட்டின் அடி தெரிந்தது.

வேணி சாப்பிடாமல் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தங்கக்கனி ஒரு பிடி எடுத்து வாயில் வைத்தாள். இத்தனை பேர் நடுவில் உட்கார்ந்து மத்தியானச் சோறு சாப்பிட்டு எத்தனை நாளாயிற்றோ, தொண்டைக்குள் இறங்க மாட்டேன் என்றது. வேணி கண்ணெடுக்கவில்லை. விழுங்கினாள். இரண்டாவது பிடி எடுத்தாள். மூன்றாவதை விழுங்கின பிறகுதான் வேணி தன் தட்டில் கை வைத்தாள். வைத்தவள் நிமிரவே இல்லை. பிள்ளை சாப்பிட்ட வேகத்தைப் பார்த்துவிட்டுப் பலவேசம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

நாலு பிடியில் எல்லாம் முடிந்துவிட்டது.

கொம்பையா தட்டை வழித்து நக்கினான். "யம்மா, இன்னும் வை" என்றான்.

தங்கக்கனியின் கை தன் தட்டுக்குப் போயிற்று. தட்டில் ஒன்றும் இல்லை. அவள் சாப்பிட்டிருந்தாள். அந்த வீட்டில் ஒரு பிள்ளை இன்னும் வை என்று கேட்டு, அவள் கொடுக்க ஒன்றும் இல்லாமல் இருந்தது அன்றுதான் முதல் தடவை.

"தீந்துட்டுப்பா" என்றாள்.

அந்த ஒரு வார்த்தையைச் சொல்வதற்கு அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. கொம்பையா அழப்போகிறான் என்று நினைத்தாள். அவன் பானையை ஒருமுறை எட்டிப் பார்த்தான். "அப்ப ஒனக்கும் இல்லயா?" என்று கேட்டான்.

"எனக்கும் இல்ல."

"சரி" என்று விரலை நக்கிக்கொண்டே எழுந்து போனான்.

வேணி சிவப்பு மாத்திரையை எடுத்து வந்து, எல்லாரும் பார்க்கப் போட்டுத் தண்ணீர் குடித்தாள். பலவேசம் பானைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். அண்ணன் வீட்டுக்குப் போய் இனிமேல் எந்த முகத்தோடு கேட்பது என்று தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டிருந்தான். மாரி அவன் முதுகில் சாய்ந்துகொண்டான்.

சாமி கை கழுவினார். சாக்கை எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு இறங்கினார். மழை தூறலாகிவிட்டிருந்தது. நாலு எட்டு வைப்பதற்குள் பின்னால் தங்கக்கனி ஓடி வந்தாள். தலையில் முந்தானையைப் போட்டிருந்தாள். மூச்சு வாங்கியது. கண் சிவந்திருந்தது.

"சாமி, நில்லுங்க."

நின்றார்.

"எம் மவளச் சாப்பிட வச்சிட்டீங்க. ஒங்களுக்குக் கோடிப் புண்ணியம். ஆனா நேத்து வரைக்கும் இந்த வீட்டுல சின்னவனுங்களாவது வயிறு நெறஞ்சு எந்திரிச்சாங்க. எங்க வீட்டுக்காரவுகளாவது நிம்மதியாப் படுத்தாக. இன்னைக்கு ஒருத்தருக்கும் நெறையல. அஞ்சு பேரும் பாதி வயித்தோட இருக்கோம். நான் வருசக்கணக்காக் கட்டிக் காத்தத ஒரு மத்தியானத்துல போட்டு ஒடச்சிட்டீங்க."

சாமி தலையிலிருந்த சாக்கை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

"தைக்கு இன்னும் ஒன்றரை மாசம் கெடக்கு. அரிசிப்பானையில ரெண்டு நாளைக்குத்தான் இருக்கு. இத்தன நாளும் என்ன பண்ணணும்னு எனக்குத் தெரிஞ்சிருந்துச்சு. இப்பத் தெரியல. நாளைக்கு நான் என்ன சாமி பண்ணட்டும்?"

"அத ஏன் எங்கிட்ட கேக்கீங்க, தாயி?" என்றார் சாமி. "உள்ள நாலு பேரு பசியோட இருக்காங்க. அவங்ககிட்டப் போய்க் கேளுங்க."